ஐஸ் பெட்டியில் கோமதிநாயகம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை இரண்டு பேர் தூக்கி வந்து மேலே வைத்தபோது கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். சாகவில்லை, செத்த வேஷம். வளசரவாக்கத்தில் சினிமாக்காரர்களுக்கென்றே வாடகைக்கு விடும் ஒரு வீட்டின் கூடத்தில், கதாநாயகனின் அப்பாவாகப் படுத்திருந்தார். பெட்டியின் மோட்டாரை ஓடவிடவில்லை, அது ஒன்றுதான் அவருக்குக் காட்டிய கருணை. மற்றபடி ஒரு குறையும் வைக்கவில்லை. மூக்கில் பஞ்சு, நெற்றியில் சந்தனத்தில் பதித்த ஒரு ரூபாய்க் காசு, தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணி, சேர்த்துக் கட்டிய கால் பெருவிரல்கள், மோவாய் வரைக்கும் ரோஜா மாலை. மூடி இறங்கியதும் வெளிச் சத்தமெல்லாம் அடுத்த வீட்டுச் சத்தமாகிவிட்டது. பிணமாகப் படுப்பது சும்மா படுப்பது இல்லை. புதிதாக வருகிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுப்பான், முக்கால் ஷாட்டில் தாங்க முடியாமல் விலா தூக்கும், போச்சு, திரும்ப முதலிலிருந்து. மூச்சைப் பிடிக்கவே கூடாது, அடிவயிற்றுக்கு இறக்கிவிட வேண்டும், மாலை ஆடாத ஆழத்துக்கு. இங்கே கண்ணாடி வேறு. மூக்கை அடைத்தாயிற்று, வாயால் விட்டால் நேரே மேலே போய் ஆவி படியும், செத்தவன் மூச்சு விட்டது ஊருக்கே தெரியும். அதனால் மேலுதட்டைக் கொஞ்சம் முன்னால் வைத்து, காற்றைக் கீழே மாலைக்குள் அனுப்ப வேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தருவதில்லை. அவரிடம் கேட்டாலும் சொல்ல மாட்டார், அவரவர் செத்துக் கற்றுக்கொள்ளட்டும். காலையில் மேக்கப் நாற்காலியில் இருந்தபோது கோ-டைரக்டர் வேதமுத்து வந்து பக்கத்தில் நின்றான். நாசரேத்துக்காரன், இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன், நல்ல செய்தி என்றால் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வருவான், கெட்ட செய்தி என்றால்தான் பக்கத்தில் வந்து நிற்பான். "அண்ணாச்சி, சின்ன மாத்தம். அந்த மொட்டைமாடி சீன் இல்ல. நேரா பாடிதான்." "யாரு பாடி?" "உங்க பாடிதான் அண்ணாச்சி." கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைக் கோமதிநாயகம் பார்த்தார். பாதி மேக்கப் முடிந்திருந்தது, பாதி இன்னும் உயிரோடு இருந்தது.

மொட்டைமாடி சீன் என்பது ஒரே ஒரு சீன். ஓடிப்போன மகன் பல வருஷம் கழித்து வந்து நிற்கிறான், அப்பா பேசுகிறார், அவ்வளவுதான். அதற்காகத்தான் இந்தப் படத்தையே ஒத்துக்கொண்டார். டைரக்டர் கார்முகில் தன் கையால் எழுதியது, வீட்டுக்கே வந்து தரையில் உட்கார்ந்து படித்துக் காட்டினான். நல்ல எழுத்து, அதுதான் வயிற்றெரிச்சல். மட்டமாக எழுதியிருந்தால் போகிறது கழுதை என்று விட்டிருப்பார். மனைவி செண்பகவல்லி அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே அந்தக் காகிதத்தை ஒரு கையில் பிடித்திருப்பாள், அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு சொல்வார். "வா. செருப்பைக் கழட்டாத, ரொம்ப நேரம் ஆகாது." அது சரியாக வரும். "நீ போனதுலேர்ந்து உங்கம்மா வாசல் லைட்ட அணைக்க விடல. அவ போனதுக்கப்புறமும் நான் அணைக்கல. பழக்கம், வேற ஒண்ணும் இல்ல." அதுவும் வரும். "உன்னை எதிர்பார்த்தேன்னு நெனச்சுக்காத." வரும். அதற்கடுத்து ஒரு வரி. அது நேற்று வந்தது, முந்தாநாள் வந்தது, இன்று காலை காரில் வரும்போதுகூட வந்தது, பாடிதான் அண்ணாச்சி என்ற நிமிஷத்திலிருந்து அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி மனசு அங்கேயே போய்ப் போய்த் தடவுகிறது. அதைத் தாண்டினால் கடைசி வரி பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. "மன்னிப்பு எங்கிட்ட இல்ல. சோறு இருக்கு. சாப்பிட்டுட்டுப் போ." இரண்டுக்கும் நடுவில் என்ன? மறுபடி முதலிலிருந்து. வா, செருப்பைக் கழட்டாத. லைட்டு. பழக்கம். நெனச்சுக்காத. வெறும் இடம். இப்போது அது தேவையே இல்லையே, சீனே போய்விட்டதே, எதற்கு இந்தத் தேடல் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். தேவை இல்லாவிட்டால் என்ன, அது என்னுடையது, எடுத்தவன் எடுத்திருக்கட்டும், நான் இன்னும் கொடுக்கவில்லை.

சீனை ஏன் எடுத்துவிட்டார்கள் என்பது தெரியும். படத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்று கார்முகில் சொல்லியிருக்கிறான், அது வெளியே சொல்கிற காரணம். போன வருஷம் வேறொரு படத்தில் நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்பு வாசிக்க வேண்டும், எத்தனையோ பேரைத் தூக்கில் போட்ட வாய், அன்றைக்கு "இந்த நீதிமன்றம்" என்பதோடு நின்றுவிட்டது. இந்த நீதிமன்றம். இந்த நீதிமன்றம். குற்றவாளிக் கூண்டில் நின்ற பையனே பாவப்பட்டு மெதுவாக எடுத்துக்கொடுத்தான். சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள், சாயங்காலத்துக்குள் கோடம்பாக்கம் முழுக்கச் செய்தி போய்விட்டது, நாயகம் சாருக்கு டயலாக் நிற்கவில்லையாம். அதற்கப்புறம் வந்த வேஷமெல்லாம் வாய் திறக்காத வேஷம். ஒரு படத்தில் பக்கவாதம் வந்த தாத்தா. அடுத்த படத்தில் அதுகூட இல்லை, சுவரில் சந்தனமாலை போட்ட போட்டோ. வேறு ஏதோ படத்தில் எடுத்த ஸ்டில்லை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள், அவர் வீட்டில் படுத்திருக்க, போட்டோ மட்டும் போய் நடித்துவிட்டு வந்தது. இதைச் சொல்லிச் செண்பகவல்லி சிரித்தாள், அவரும் சிரித்தார், அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேரில் மட்டும்தான் நாயகம், வாழ்க்கை முழுக்க நாயகனின் தோளுக்குப் பின்னால். அதில் ஒன்றும் குறை இல்லை, யாரும் பரிதாபப்பட வேண்டாம். தோளுக்குப் பின்னால் நிற்பதற்கும் ஒரு திராணி வேண்டும். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்க்காமல் கன்னத்தின் சூட்டில் கண்டுபிடித்து அரை அடி நகர்ந்து நிற்க வேண்டும். ஒரு பெரிய கதாநாயகர் அந்தக் காலத்தில் நேரிடையாகவே சொன்னார், நாயகம், நான் பேசும்போது நீ கண்ணைச் சிமிட்டாதே, ஜனங்கள் உன்னைப் பார்க்கிறார்கள் என்று. விருதுக்கு மேலே அது. டாக்டராக வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இனி எல்லாம் மேலே இருக்கிறவன் கையில் என்று சொல்லி எத்தனை குடும்பங்களைக் கைகழுவியிருக்கிறார். பஸ்ஸில் ஒரு அம்மாள் அவரைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்து, பையிலிருந்து புருஷனின் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். பேர் தெரியாது, முகம் தெரியும், டாக்டர் என்று தெரியும், போதாதா. அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்து, உப்பைக் குறைக்கச் சொல்லுங்கம்மா என்றார். தப்பான வைத்தியம் இல்லையே. இப்படிப்பட்டவனுக்கு நாலு வரி நிற்காது என்று முடிவு கட்ட இவர்கள் யார்?

வெளியே யாரோ "ஆக்‌ஷன்" என்றது தண்ணீருக்குள் கேட்பது போலக் கேட்டது. நிரஞ்சன் ஓடி வந்து பெட்டியின் மேல் விழுந்தான், கண்ணாடி அதிர்ந்தது. இந்தப் படத்தின் கதாநாயகன், நல்ல பையன்தான், காலையில் காலைத் தொட்டுக் கும்பிட்டான், ஆனால் கனமாக விழுகிறான். "அப்பா... எந்திரிங்கப்பா... ஒரு தடவ மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்கப்பா" என்று ஆரம்பித்தான். கோமதிநாயகம் முகத்தை எடுத்து வைத்திருந்தார். பிணத்துக்கு முகம் ஒன்றுதான் என்பது அரைகுறைகள் நினைப்பு. தூக்கத்தில் செத்தவனுக்கு ஒரு முகம், கடன்காரனுக்குப் பயந்து செத்தவனுக்கு வேறு முகம். இந்த அப்பா மன்னிக்காமல் செத்தவன். மொட்டைமாடியில் அதைச் சொல்லியிருப்பான், அதைத்தான் வெட்டிவிட்டார்கள், சரி, வாயை எடுத்துக்கொண்டால் முகம் இருக்கிறதே. இடது கடைவாயை ஒரு நெல் அளவுக்கு உள்ளே இழுத்து வைத்திருந்தார். நிரஞ்சன் மேலே பேசப் பேசக் குரல் தேய்ந்தது. நின்றுவிட்டது.

"கட். என்னாச்சு நிரஞ்சன்?"

"சாரி சார். அவர் மூஞ்சியப் பார்த்தா அழுகை வரல. எதுத்துப் பேசணும்போல இருக்கு."

மூடியைத் தூக்கினார்கள். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக உள்ளே கொட்டின. கார்முகில் குனிந்து நின்றான், தாடிக்குள் சின்ன முகம், தூங்காத கண்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. முகத்தைக் கொஞ்சம் சாந்தமா வச்சுக்கலாமா? நிம்மதியாப் போன மாதிரி."

தாடையில் கட்டிய துணியோடு கோமதிநாயகம் பேசினார். "தம்பி, நீங்க எழுதின ஆளு நிம்மதியாப் போகல. சீனத்தான் எடுத்தீங்க. ஆளை எடுக்கல."

பேச்சு குழறியதுதான், வாயைக் கட்டிப்போட்டால் மந்திரிக்கும் குழறும். ஆனால் கார்முகில் திரும்பி வேதமுத்துவைப் பார்த்தான், வேதமுத்து தரையைப் பார்த்தான், அந்தப் பார்வையைக் கோமதிநாயகம் பார்த்துவிட்டார். பார்த்தியா, நான் சொல்லல? அதுதான் அந்தப் பார்வை. பின்னால் யாரோ, ஒரு டம்மி செஞ்சிருக்கலாம் சார், இப்பல்லாம் ரப்பர்ல அச்சு அசலா பண்றாங்க, என்றது காதில் விழுந்தது. கார்முகில் அவனை ஒரு அதட்டு அதட்டினான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு, "இருக்கட்டும் சார், அப்படியே இருக்கட்டும். நிரஞ்சன், எதுத்துப் பேசணும்னு தோணுச்சுன்னா பேசு" என்றான். மூடி மறுபடி இறங்கியது.

அந்தக் கடைவாய் அவருடையது இல்லை, அவருடைய அப்பாவினுடையது. சங்கரன்கோவில் முன்சீப் கோர்ட்டில் அமீனா. கோர்ட்டுச் சிப்பந்தியோடு வீடு வீடாகப் போய்ப் பண்டபாத்திரத்தை ஜப்தி செய்கிற வேலை, ஒவ்வொரு வாசலிலும் ஒரு பொய் காத்திருக்கும், மாடு என் தங்கச்சியது, அண்டா மதினி சீதனம் என்று, அதைக் கேட்கும்போது அந்த ஆளின் இடது கடைவாய் உள்ளே போகும். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சு கிடையாது. மகன் பாய்ஸ் கம்பெனி நாடகக்காரர்களோடு ரயிலேறிப் போனபோது பதினொரு வயசு, ஸ்திரீபார்ட் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா தேடி வரவில்லை. கடிதாசி போடவில்லை. கம்பெனி தென்காசியில் முகாம் போட்டபோது முன்வரிசையில் உட்கார்ந்து ஒருநாள் பார்த்துவிட்டுப் போனார் என்று யாரோ சொன்னார்கள், நிஜமா பொய்யா தெரியாது, திரைக்கு இந்தப் பக்கம் சேலை கட்டிக்கொண்டு நின்றவனுக்கு எப்படித் தெரியும். செத்த தந்தி வந்து ஊருக்குப் போனபோது அப்பாவை வாசல் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள், இதே போலக் காசு, இதே போலத் துணி, அந்தக் கடைவாய் உள்ளே இழுத்தபடியே இருந்தது. கட்டுத்துணியால் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டார்கள், அதை மட்டும் செய்ய முடியவில்லை. "கால்ல விழுந்து மன்னிப்புக் கேளுலே, போற உசுரு நிம்மதியாப் போட்டும்" என்று சித்தப்பா தோளை அழுத்தினார். போன உசிருக்கு என்ன நிம்மதி. கோமதிநாயகம் விழவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க நிமிர்ந்து நின்று அந்த முகத்தைப் பார்த்தார், நான் ஒரு தப்பும் பண்ணலை என்று மனசுக்குள் சொன்னார், அதற்கும் கடைவாய் அப்படியேதான் இருந்தது. அழுத்தக்காரன், அப்பனைப் போலவே, என்று பின்னால் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு முகத்தை வைத்துத்தான் இத்தனை வருஷம் சோறு தின்றார். நம்பாத இன்ஸ்பெக்டர், இறங்கி வராத சம்பந்தி, பெண்ணை விரட்டும் மிராசு, எல்லாருக்கும் அப்பாவின் கடைவாய்தான், ஒரு நெல் கூட, ஒரு நெல் குறைய. அந்த மனுஷனுக்கு இது தெரிந்தால் இதற்கும் ஜப்தி கொண்டு வந்திருப்பார்.

மறுபடி "ஆக்‌ஷன்". நிரஞ்சன் இந்தத் தடவை ஓடி வரவில்லை, நடந்து வந்தான், காலடி தெரிந்தது. பெட்டியின் மேல் விழாமல் பக்கத்தில் நின்றான். பேசவே இல்லை கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தில் கோமதிநாயகத்தின் இடது இமை துடித்தது. இதுதான் அவர் பயந்தது. மூன்று மாதமாக இப்படித்தான், அழைக்காமலே வரும், இரண்டு துடி துடித்துவிட்டுப் போகும், நரம்புத் தளர்ச்சி என்று டாக்டர் சொன்னார், நிஜ டாக்டர். இமையை அழுத்தினால் இன்னும் துடிக்கும். அதனால் அதை மறக்க வேண்டும், மறக்கிறதுதான் நமக்கு நன்றாக வருமே, எதையாவது நினை, வரியை நினை. வா, செருப்பைக் கழட்டாத. லைட்டு. பழக்கம். நெனச்சுக்காத. பிறகு? ரோஜா இதழ் ஒன்று கழுத்தோரம் அரிக்கிறது. பிறகு? செண்பகவல்லி அந்த வரியை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள், கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டபடி, அது என்ன வரி, கத்தரிக்காய் வந்து நிற்கிறது, வரி வரவில்லை. "என்னப்பா பாக்குறீங்க" என்றான் நிரஞ்சன் திடீரென்று. காகிதத்தில் இல்லாத பேச்சு. "செத்தும் அதே மூஞ்சிதானா? ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது..." என்றவன் குரல் உடைந்தது, கோபத்தில் உடைந்த குரல், கண்ணாடியைக் கையால் அறைந்தான், அழுதான். நல்ல அழுகை. கோமதிநாயகத்துக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி ஏறியது, பயலே, அதை நான் கொடுத்தேன். இமை நின்றிருந்தது. அப்போதுதான், அந்த அழுகைக்கு நடுவில், அது தோன்றியது. இந்த ஷாட் முடிந்ததும் சிரிப்பு ஷாட் இருக்கிறதே.

பிணமாக நடித்தவனைச் செத்தபடியே விட்டுவிடக் கூடாது, எழுப்பி உட்கார வைத்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வைத்து அதையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேஷம் பலித்துவிடும். அவர் வந்த நாள் முதலாகப் பார்க்கிற வழக்கம், பூசணிக்காய் உடைப்பது போல. எந்தப் படத்திலும் அந்தச் சிரிப்பைச் சேர்த்தது கிடையாது, வெட்டிக் கீழே போட்டுவிடுவார்கள். அவரை மட்டும், அவர் முகத்தை மட்டும், யார் தோளும் குறுக்கே வராமல் கேமரா பார்த்ததெல்லாம் அநேகமாக அந்தச் சிரிப்புகளில்தான், அத்தனையும் குப்பைக் கூடைக்குப் போயிற்று. கார்முகிலுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் வேதமுத்து விட மாட்டான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன், இந்த விஷயத்தில் மட்டும் எந்த ஐயருக்கும் சளைத்தவன் இல்லை. கேமரா ஓடும். மேலே கம்பில் மைக் தொங்கும், இந்தக் காலத்தில் எல்லாம் கையோடு பதிவாகிற சத்தம். சிரிக்க வேண்டிய இடத்தில் பேசினால் யார் தடுப்பார்கள்? நினைத்ததும் கால் கட்டைவிரல்கள் சில்லிட்டன. தடுக்கிற ஆள் வெளியே இல்லை. நாலாவது வரி இல்லை, அதுதான் தடுக்கிற ஆள். இத்தனை பேர் முன்னால் ஆரம்பித்து அந்த இடத்தில் நின்றுவிட்டால், நீதிமன்றம் நீதிமன்றம் என்று நின்ற மாதிரி நின்றுவிட்டால், பிறகு கோர்ட்டும் வேண்டாம் தீர்ப்பும் வேண்டாம், நாயகம் இனிமேல் போட்டோதான். பேசாமல் சிரித்துவிட்டுப் போனால் இந்தச் சந்தேகமாவது மிச்சம் இருக்கும், ஒருவேளை அவருக்கு வந்திருக்குமோ என்று நாலு பேர் நினைக்கலாம். அந்தச் சந்தேகத்தைக் கட்டிக்கொண்டு வீட்டில் படுத்திருக்கலாம், செண்பகவல்லி ரசம் வைத்துத் தருவாள். சீ, ரசம். வா, செருப்பைக் கழட்டாத. லைட்டு. பழக்கம். நெனச்சுக்காத. வெறும் இடம். சோறு இருக்கு. வெறும் இடம் வெறும் இடமாகவே இருக்கட்டும், போய்ப் பார்த்துவிடுவோம், பதினொரு வயசில் ரயிலேறினபோது மட்டும் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்தா ஏறினான்.

"கட்! ஓகே. ஓகே." என்றான் கார்முகில். கைதட்டல் கேட்டது, எல்லாரும் நிரஞ்சனைச் சுற்றிக்கொண்டார்கள், மூடியைத் தூக்குவதற்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தபோது அத்தனை முதுகுகளும் அவருக்குத்தான். கடைசியில் வேதமுத்து வந்துதான் மூடியை நகர்த்தினான்.

"அண்ணாச்சி, எந்திரிச்சு உக்காருங்க. யப்பா, கேமராவ இப்படித் திருப்புங்கப்பா, சார் சிரிப்பு ஒண்ணு எடுத்துரலாம்."

"அண்ணே, லஞ்சுக்கு நேரமாச்சு" என்றான் கேமராக்காரப் பையன்.

"அதெல்லாம் தெரியாது. பெரிய மனுசன இப்படியே விட்டுட்டுப் போகக் கூடாது. ஒரு நிமிசம்டே."

கார்முகில் சிரித்துக்கொண்டே, சரி எடுத்துருங்க, என்று கையைக் காட்டிவிட்டு மானிட்டரில் நிரஞ்சனின் அழுகையைத் திரும்பப் பார்க்கத் திரும்பினான். கோமதிநாயகம் பெட்டிக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்தார், தலை கொஞ்சம் சுற்றியது. மூக்குப் பஞ்சைத் தானே எடுத்தார். காசைத் தானே பிய்த்தார். துணி முடிச்சு உச்சந்தலையில் இறுகிப்போயிருந்தது, வேதமுத்து அவிழ்த்தான். தாடையை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்துக்கொண்டார். கேமரா கிட்டே வந்து நின்றது. கன்னத்தில் சூடு எங்கே என்று பார்த்தார், வலது பக்கம், ஒரு இம்மி திரும்பினார்.

"மைக் இருக்கா?"

"சிரிப்புக்கு எதுக்கு அண்ணாச்சி மைக்?"

"இருக்கட்டும் வே."

மைக் வைத்திருந்தவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கம்பை நீட்டினான். "ரோலிங்" என்றார்கள். வேதமுத்து கையைக் கூப்பாத குறையாக, "ம், சிரிங்க அண்ணாச்சி" என்றான்.

"வா" என்றார் கோமதிநாயகம். "செருப்பைக் கழட்டாத. ரொம்ப நேரம் ஆகாது."

வேதமுத்துவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அவனைப் பார்க்கவில்லை. கேமராவின் கண்ணுக்குள் ஒருவன் வந்து நின்றிருந்தான், அவனைப் பார்த்துச் சொன்னார், அவசரமே இல்லாமல். "நீ போனதுலேர்ந்து உங்கம்மா வாசல் லைட்ட அணைக்க விடல. அவ போனதுக்கப்புறமும் நான் அணைக்கல." நிறுத்தினார். "பழக்கம், வேற ஒண்ணும் இல்ல." மானிட்டர் முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சாப்பாட்டுத் தட்டோடு வந்த ஒருவன் வாசலிலேயே நின்றான். "உன்னை எதிர்பார்த்தேன்னு நெனச்சுக்காத."

அந்த இடம் வந்துவிட்டது. போய்ப் பார்த்தார், ஒன்றும் இல்லை. இமை துடித்தது, இந்தத் தடவை அதை மறக்கப் பார்க்கவில்லை, துடித்துக்கொள்ளட்டும், நான் பிணம் இல்லை. நேரம் போயிற்று. நிரஞ்சன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். வேதமுத்து எடுத்துக்கொடுக்க உதட்டைப் பிரித்தான், நல்லெண்ணம்தான், அவனுக்கு அந்த வரி தெரியும், ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதி வந்துவிடும். கோமதிநாயகம் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளங்கையை மட்டும் அவன் பக்கம் காட்டினார், வேண்டாம். அமைதியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணுக்குள் நின்றவனுக்குப் பதினொரு வயசாகவும் இருந்தது, செத்துக் கிடந்த அமீனாவின் வயசாகவும் இருந்தது, யார் வந்தவன் யார் கதவைத் திறந்தவன் என்று அவருக்கே பிரியவில்லை. இடது கடைவாய் உள்ளே போயிருந்தது. அது தானாக வெளியே வந்தது.

"நீ பண்ணதும் தப்பில்ல" என்றார். "நான் பண்ணதும் தப்பில்ல. அதனாலதான் இது தீரவே இல்ல."

மூச்சு விட்டார். மார்பு மாலையோடு ஏறி இறங்கியது, நன்றாகவே தெரியட்டும்.

"மன்னிப்பு எங்கிட்ட இல்ல. சோறு இருக்கு. சாப்பிட்டுட்டுப் போ."

யாரும் கட் சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவரே கையை உயர்த்தி, போதும், என்று சைகை செய்ய வேண்டியிருந்தது. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, வேதமுத்துதான், கைக்குட்டையைத் தேடிக்கொண்டே, "அண்ணாச்சி, சிரிப்பு... இன்னும் சிரிக்கலியே நீங்க" என்றான் பயத்தோடு.

"சிரிக்க மாட்டேன். அது செத்தவங்க சிரிக்க வேண்டியது. நான் பேசிட்டேன்லா. கால்கட்ட அவுத்து விடும், பசிக்கி."

கார்முகில் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து முழங்காலிட்டான். பெட்டியின் விளிம்பைத் தடவினான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று தோன்றியது, கேட்காமல் இருந்தால் நல்லது என்று கோமதிநாயகம் நினைத்தார். அவன் கேட்கவில்லை.

"சார், நடுவுல ஒரு வரி வந்துச்சே" என்றான். "அது நான் எழுதினது இல்ல."

"தெரியும்" என்றார் கோமதிநாயகம். "எழுதிக்கோ."